உங்களை நல்லாப் பேசினவ

மூன்று நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் பாஸ்டனிலிருந்து கிளம்பினேன். தோள்பையில் மாற்றுத்துணி, ஒரு பாட்டில் ஊறுகாய், கம்பெனி வக்கீல் கொடுத்த காகிதக் கட்டு. சுபா வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. "போற இடத்துல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டு வாங்க" என்றாள். எனக்கு நாக்கில் சனி என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அது 2009 ஜனவரி. அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்த கையோடு என் பழைய வேலையும் போயிருந்தது. கண் ஆபரேஷன் கருவிகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி புது வேலை கொடுத்தது. ஆனால் ஒருமுறை நாட்டை விட்டு வெளியே போய், பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரையோடு உள்ளே வந்தால்தான் சேர்த்துக்கொள்ள முடியும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எங்கள் கூட்டத்தில் இது புதிதில்லை. எங்கள் திண்டுக்கல் பக்கம் பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வருவதுபோல, மென்பொருள் ஆட்கள் எல்லோரும் ஒரு நடை கனடா போய் முத்திரை குத்திக்கொண்டு வருவார்கள். எனக்குப் பக்கம் மொன்ட்ரியால்.

அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் விசா அதிகாரி நல்ல பெண்மணி. சிரித்த முகம். "என்ன வேலை?" என்று கேட்டார். கண் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் யார்? அந்தக் கருவிக்குள் இருக்கும் லேசர் எத்தனை நுணுக்கமானது, அதை எப்படிக் குறிபார்க்க வைப்பது என்று வகுப்பே எடுத்துவிட்டேன். லேசர் என்றதும் அவர் விரல்கள் கீபோர்டில் ஒரு கணம் நின்றன. பிறகு ஒரு கலர்த் தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். கூடுதல் சரிபார்ப்பு வேண்டுமாம். கோப்பு வாஷிங்டனுக்குப் போகுமாம். எப்போது வரும்? தெரியாதாம். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாளிலிருந்து அங்கே இப்படித்தான்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாஷிங்டனில் பழைய ஜனாதிபதி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். புதியவர் இன்னும் பதவி ஏற்கவில்லை. அவருக்காகக் காத்திருந்தவை இரண்டு போர்கள், கவிழ்ந்த வங்கிகள், கடன் கட்ட முடியாமல் பூட்டப்பட்ட வீடுகள், வைத்தியம் பார்க்க வழியில்லாத ஜனங்கள். இந்தத் தலைவலிகளுக்குக் கீழே எங்கேயோ திண்டுக்கல்காரன் ஒருவனின் லேசரும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சுபாவுக்குப் போன் போட்டபோது சிரிப்பு போய்விட்டது. "நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்று ஒருமுறை கேட்டாள், பிறகு கேட்கவேயில்லை. அவள் அம்மாவுக்கு ஏற்கெனவே சென்னையில் விசா மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டார் என்று சந்தேகமாம். என் மாமியார்! காரைக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு மதுரையில் ஒரு ராத்திரி தங்காத மனுஷி. ஆக, குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் எல்லைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான்.

முதல் சில நாட்கள் நகரின் நடுவில் ஒரு ஹோட்டலில் கழிந்தன. குளிர் பாஸ்டனிலும் உண்டுதான், ஆனால் மொன்ட்ரியால் குளிருக்கு நம்மேல் ஏதோ சொந்தப் பகை இருக்கிறது. மூக்கு முடியெல்லாம் கம்பியாகிவிடும். பேகல் என்று சுடச்சுட, நடுவில் ஓட்டை போட்ட ரொட்டி ஒன்று தின்றேன். அருமை. பூட்டின் என்று உருளைக்கிழங்கு வறுவலின் தலையில் பாலாடைக்கட்டியைப் போட்டு, அதன் தலையில் குழம்பை ஊற்றித் தந்தார்கள். பாதி தின்றதும் குற்ற உணர்ச்சி வந்தது, மீதியையும் தின்றேன். ஆனால் சோறு இல்லாத வயிறு ஒரு வாரத்துக்கு மேல் சமாதானமாக இருக்காது. வடக்கே போனால் தமிழ்க் கடைகள் உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு மாலை மெட்ரோவில் ஏறினேன்.

ரயில் மாறும் இடத்தில் தவறான படியில் இறங்கிவிட்டேன். ஏறிய ரயில் நிற்கவே மாட்டேனென்று நீளமாக ஓடியது. பிற்பாடுதான் தெரிந்தது, ஆற்றுக்கு அடியில் ஓடியிருக்கிறது. கதவு திறந்தபோது அக்கரையில் லொங்குய்ய் என்று வாயில் நுழையாத ஊரில் நின்றேன். ஆங்கிலத்தில் வழி கேட்டால் பதில் பிரெஞ்சில் வருகிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸுக்குப் பதில் தேனி பஸ்ஸில் ஏறியவன்கூடக் கண்டக்டரிடம் நாலு வார்த்தை சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். எனக்கு அதற்கும் வழியில்லை. "அட எருமை மாடே, போர்டைப் பார்த்து ஏற மாட்டியா?" என்று என்னையே சத்தமாகத் திட்டிக்கொண்டேன்.

"தம்பி, நீங்கள் தமிழோ?"

திரும்பினால், கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து ஒரு குங்குமப் பொட்டு தெரிந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். கையில் சாப்பாட்டுப் பை. வசந்தி அக்கா. லொங்குய்யில் ஒரு கார்தெரியில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் காப்பகத்தில், வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பியவர். என் கதையை நின்ற இடத்திலேயே கேட்டார். "ஐயோ பாவம்! வயித்துப்பிள்ளைக்காரியை அங்கை விட்டுட்டு வந்து நிக்கிறியளே. ஹோட்டலிலை என்ன சாப்பிடுறியள்?" என்றார். பேகல் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "வாங்கோ வீட்டை" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போவதா என்று யோசித்தபடியே பின்னால் போனேன். புட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் யோசனை நின்றது.

வீடு மொன்ட்ரியால்-நோரில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வாடகை வீடுகளில் இரண்டாம் மாடி. வெளியே தொங்கும் இரும்புப் படி முழுக்கப் பனி. இந்தக் குளிர் ஊரில் படியை எதற்கு வீட்டுக்கு வெளியே வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அக்காவின் கணவர் குலம் அண்ணை விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் வேலை செய்கிறவர். பிள்ளைகள் டொராண்டோவில் படித்துக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்த அறையைக் காட்டி, "இதிலை இரும்" என்றார் அண்ணை. உட்காரச் சொல்கிறார் என்று நினைத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் தங்கச் சொன்னாராம். மறுநாளே ஹோட்டலைக் காலி செய்துவிட்டு வந்தேன். வக்கீல் அலுவலகத்துக்கு அந்த வீட்டுப் போன் நம்பரைக் கொடுத்தேன். முகவரி கொடுக்க மறந்தேன்.

புட்டு, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல், காலையில் இடியப்பமும் சொதியும். அந்தச் சொதியைக் குடித்துவிட்டு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, உறைப்பினால் அல்ல. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், யாரோ ஒருவனுக்கு மூன்று வேளையும் மூடி வைத்துவிட்டுப் போனார்கள்.

குலம் அண்ணைக்கு அரசியல்தான் சாப்பாடு. பிரெஞ்சுச் செய்தியைப் போட்டுவிட்டு எனக்குத் தமிழில் சொல்வார். "உந்தப் புது மனுசன் உள்ளுக்கை வங்கியைப் பாப்பானோ, வெளியிலை சண்டையைப் பாப்பானோ? ரெண்டு பக்கமும் நெருப்பு" என்பார். "வங்கியைத்தான் பார்ப்பாரு. வேலை போனவன் ஓட்டு போட்டிருக்கான்" என்பேன். "வெளியிலை கொளுத்தினதை ஆர் அணைக்கிறது?" என்று குரலை உயர்த்துவார். எனக்கு வாதம் என்றால் அல்வா. சுபா சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு செய்தியும் ஓடிக்கொண்டிருந்தது. இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த மாதம் அது. அக்காவின் தமக்கை குடும்பத்தோடு வன்னியில். போன் இல்லை, கடிதம் இல்லை, உயிரோடு இருக்கிறார்களா என்று சொல்ல ஆள் இல்லை. அண்ணை புதிய ஜனாதிபதியைப் பற்றி அத்தனை பேசியதன் உள்ளே இருந்தது அதுதான். "இந்தாள் ஒரு சொல்லுச் சொன்னா நிப்பாட்டுவாங்கள்" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு நான் எதிர்வாதம் செய்யவில்லை.

பதவியேற்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நூலகத்தில் மின்னஞ்சல் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அன்று அரைநாள் வேலை. படியேறி வந்த என்னைத் தேத்தண்ணியோடு எதிர்கொண்டார். முகத்தில் ஏதோ தயக்கம்.

"தம்பி, பொஸ்ரனிலை உங்கடை வக்கீல் கந்தோரிலை இருந்து ஒரு மனுசி எடுத்தவ. இங்கிலீசிலை படபடவெண்டு கதைச்சவ, எனக்கு முழுக்க விளங்கேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களை நல்லாப் பேசினவ. பேந்து எடுப்பாவாம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசியிருக்கிறாள்! அப்படியென்றால் வேலை முடிந்தது. விசா வந்துவிட்டது, இல்லை வரப்போகிறது. பிறகு கூப்பிடுவாள். "ரொம்ப சந்தோஷம்க்கா! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கள் நல்ல பொறுமைசாலி, தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை வாழ்நாளில் யாரும் பொறுமைசாலி என்று சொன்னதில்லை. அதையும் மகிழ்ச்சியாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

சுபாவைக் கூப்பிட்டு, வந்துவிடுவேன், கவலைப்படாதே என்று அடித்துச் சொன்னேன். மூலையில் இருந்த தெப்பனருக்குப் போய், பெயர் பெரிதாக இருந்தாலும் பெட்டிக்கடைதான் அது, சர்க்கரையும் வெண்ணெயும் வாங்கி வந்தேன். அக்கா வீட்டு ரவையில் கேசரி கிண்டினேன். மெச்சிக்கொண்டு சாப்பிட்டார்கள், எதற்கு இந்தக் கேசரி என்று கேட்கவில்லை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் அமெரிக்காவில் அரசு விடுமுறை. நூலகம் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அதான் நல்லாப் பேசிவிட்டாளே!

ஞாயிற்றுக்கிழமை குலம் அண்ணை தன் வேனில் என்னை இல்-பிசார் தீவுக்கு அழைத்துப்போனார். தனித்தனி வீடுகள், வெள்ளை வெளேரென்ற அமைதி. கோடையில் இங்கிருந்து லாவாலுக்குப் படகு ஓடுமாம். இப்போது ஆறு கட்டியாக உறைந்து கிடந்தது. ஒரு கிழவர் அதன்மேல் நாயோடு நடந்து போனார். எங்களைப் பார்த்துக் கையசைத்து, இன்றைக்குக் குளிர் அவ்வளவாக இல்லை என்று பிரெஞ்சில் சொன்னதை அண்ணை சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். மனசு லேசாக இருந்தால் அந்தக் குளிரும் அழகாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் புதிய ஜனாதிபதி பதவியேற்பு. அண்ணை லீவு போட்டிருந்தார். அக்காவின் கார்தெரியில் கொதிநீர்க் குழாய் உறைந்து வெடித்ததால் அவருக்கும் விடுமுறை. மூன்று பேரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். வாஷிங்டனில் கண்ணுக்கெட்டிய தூரம் மனிதத் தலை. புதியவர் பேசினார். போரும் பொருளாதாரமும் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடித்திருக்கும் நேரம், வேலை நிறைய இருக்கிறது என்கிற சாரத்தில் பேசினார். அண்ணை முன்னால் குனிந்து ஒவ்வொரு நாட்டின் பெயராகக் கவனித்தார். அவர் காத்திருந்த பெயர் வரவில்லை. பேச்சு முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபத்தை எங்கேயாவது இறக்கவேண்டுமே, திரையில் தெரிந்த பழைய ஜனாதிபதியைக் கையால் காட்டினார்.

"உந்தாளை எட்டு வருசமா உலகம் முழுக்க நல்லாப் பேசினது. ஆள் அசைஞ்சவனோ? இல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே இது? எந்த உலகத்துல நல்லா பேசினாங்க? இல்லாத குண்டைத் தேடி ஈராக்குக்குள்ள போனாரு, புயல்ல ஜனங்க மிதந்தப்ப வேடிக்கை பார்த்தாரு, போறப்ப பாங்கையெல்லாம் கவுத்துட்டுப் போறாரு. எங்க ஊரு டீக்கடையில கூட ஒருத்தன் நல்லா பேசலை."

"அதைத்தானே நானும் சொல்லுறன்?"

"நீங்க நல்லா பேசினாங்கன்னு சொல்றீங்கண்ணே. நான் பேசலைன்னு சொல்றேன்."

"ஏன் பேசேல்லை? ஈராக்குச் சண்டைக்கு முன்னம், இதைவிடக் குளிருக்கை, இந்த ஊர்ச்சனம் முழுக்க றோட்டிலை நிண்டு பேசினது. நானும் போய்த் தொண்டை கிழியப் பேசினனான்!"

"அவரைப் புகழ்ந்தா?"

அண்ணை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உமக்கென்ன விசரோ?"

அக்காதான் இடையில் வந்தார். "பொறுங்கோப்பா. தம்பி, உங்கடை பக்கத்திலை பேசிறதெண்டா என்ன?"

"பேசறதுன்னா... பேசறது. இப்ப பேசிக்கிட்டிருக்கோமே."

"அது கதைக்கிறது. எங்களுக்குப் பேசிறதெண்டா ஏசுறது. திட்டுறது."

அந்த அறையில் தொலைக்காட்சி பிரெஞ்சில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. "அப்ப வெள்ளிக்கிழமை... அந்த பாஸ்டன் அம்மா..."

"ஓம் தம்பி. நல்லாப் பேசினவ. நீங்கள் ஏதோ பேப்பர் குடுக்கேல்லை எண்டோ என்னவோ, கத்தினவ. உங்களுக்கு மனவருத்தமா இருக்குமெண்டு நான் மெல்லமாச் சொன்னனான். நீங்கள் கேட்டுப்போட்டுச் சிரிச்சியள்." அக்காவின் குரல் இறங்கியது. "பேச்சு வாங்கிப்போட்டுக் கேசரி கிண்டினியள். பாவம், யோசிச்சு யோசிச்சு மூளை குழம்பிப்போச்செண்டு இவரோடை சொன்னனான்."

போனைப் பிடுங்கி பாஸ்டனுக்கு அடித்தேன். அந்த அம்மாள் இம்முறை என்னையே நேராகப் பேசினார், யாழ்ப்பாண அர்த்தத்தில். விசா அலுவலகம் லேசர் பற்றிய விளக்கம் ஒன்றை என் கையெழுத்தோடு கேட்டிருக்கிறது. அவர் அதைத் தயார்செய்து ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். நான் அங்கே இல்லை. அந்த உறை நான்கு நாளாக ஹோட்டல் வரவேற்பு மேசையில் தூங்குகிறது. மின்னஞ்சலும் வெள்ளி மாலையே போட்டாராம். அந்த விளக்கம் போய்ச் சேராமல் இந்தக் கோப்பை யாரும் தொடமாட்டார்கள்.

"வெளிக்கிடும்!" என்று அண்ணை வேன் சாவியை எடுத்தார். தெருமுனையிலேயே மாட்டிக்கொண்டோம். பனி அள்ளும் லாரிகள் கோயில் தேர் மாதிரி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. சங்கு ஊதி, ஓரத்தில் நின்ற கார்களை இழுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணை யாழ்ப்பாணத் தமிழிலும் பிரெஞ்சிலும் மாறிமாறிப் பேசினார். வண்டி ஓட்டுநர் கீழே குனிந்து, "ஐயா, பனியைத் திட்டுங்கள், நான் கூலிக்காரன்" என்றாராம். வேனை ஒரு கடை வாசலில் போட்டுவிட்டு பஸ், மெட்ரோ என்று ஓடினோம். கையுறையை மறந்துவிட்டேன். அண்ணை தன்னுடைய ஒற்றையைக் கழற்றித் தந்தார். ஆளுக்கு ஒரு கையுறையோடு, மற்றக் கையைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினோம்.

உறை கிடைத்தது. கையெழுத்துப் போட்டேன். விசா அலுவலகத்தின் ஜன்னல் மூடுவதற்கு முன் கொடுத்தும்விட்டோம். வாங்கிக்கொண்டவர், கிடைத்தது, காத்திருங்கள் என்றார். இத்தனை ஓட்டத்துக்கு அந்த இரண்டு சொல்தான் பதில். அந்த வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணை சொன்னார், "புது மனுசனையும் ஆறு மாதத்திலை எல்லாரும் பேசுவினம், பாரும்." இந்தமுறை எனக்கு அர்த்தம் விளங்கியது.

அதற்கடுத்த வாரம் சுபா கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது, அதனாலேயே பயம் வந்தது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, கால் வீங்கிவிட்டது, டாக்டர் காத்திருக்க வேண்டாம் என்கிறார், நாளை மறுநாள் மருந்து கொடுத்து வலி வரவைக்கப் போகிறார்கள். ஆபீஸ் தோழி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவாள். அவளும் கைக்குழந்தைக்காரி, கூட இருக்க முடியாது. "நான் பார்த்துக்கறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றாள். நான்கு நாள், அந்த நான்கு நாளைத் தொலைக்காமல் இருந்திருந்தால் முத்திரை வந்திருக்குமோ என்னவோ. அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனை வைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து, வளர்ந்த ஆண்பிள்ளை, வாய்விட்டு அழுதேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நான் போறன்."

எங்கே என்று கேட்டேன்.

"பொஸ்ரனுக்கு. என்னட்டைக் கனடாப் பாஸ்போட் இருக்கு. எனக்கு விசா தேவையில்லை."

அண்ணை வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பேசவிடவில்லை. "எங்கடை ஆக்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாமல் நாள் முழுக்க ரீ.வி.யைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். அக்கா எங்கை எண்டு தெரியேல்லை. இந்தப் பிள்ளை எங்கை எண்டு தெரியும்தானே. பஸ் ஏறினா ஏழெட்டு மணித்தியாலம். நான் போறன்."

இரவோடு இரவாகவா என்றால், இல்லை, மறுநாள் காலை பஸ்ஸுக்கு. பையில் பாதி இடம் சரக்குத்தூள். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள் வறுத்து அரைத்த, பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைத்துக்கொடுக்கிற தூள். "இதை எல்லையிலை பவுடர் எண்டு மறிச்சா என்ன சொல்லுவீர்?" என்று அண்ணை கேட்டார். "நக்கிப் பார் எண்டு சொல்லுவன்" என்றார் அக்கா. பஸ் நிலையத்தில் காத்திருக்கையில்தான் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் இவர் அகதியாக வந்ததே அந்த எல்லை வழியாகத்தானாம். அமெரிக்கப் பக்கத்தில், எந்த நாடும் ஒப்புக்கொள்ளாத பாஸ்போர்ட்டோடு, இதேபோல ஒரு பனிக்காலத்தில், கனடா கூப்பிடுமா என்று காத்துக்கிடந்திருக்கிறார். "அப்ப ஆரோ ஒரு வெள்ளைக்காரி எனக்கு ஒரு கோட்டுத் தந்தவ. பேர்கூடக் கேக்கேல்லை" என்றார். பஸ் வந்ததும், "போட்டு வாறன்" என்று அண்ணையிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஏறினார், காய்கறி வாங்கப் போவதுபோல.

எனக்கு எம்.டெக் பட்டம் உண்டு, நல்ல சம்பளம் உண்டு, அமெரிக்காவில் வீடும் மனைவியும் உண்டு. எல்லையைத் தாண்ட முடியவில்லை. நாடில்லாமல் வந்து நின்ற ஒரு பெண்ணால் முடிந்தது. அவருக்கு அந்த பாஸ்போர்ட்டைக் கொடுத்த கனடாவுக்கு அன்றைக்கு மனசாரக் கும்பிடு போட்டேன். இன்றும் போடுகிறேன்.

வீட்டில் இரண்டு ஆண்கள் மிஞ்சினோம். நான் சாம்பார் வைத்தேன். அண்ணை, "இது என்ன, பருப்புக்குப் புளி விட்டுக் கெடுத்துப்போட்டீர்" என்றார், ஆனால் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். தொலைக்காட்சியைப் போடவில்லை. போனை மேசை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அது மறுநாள் மதியம் அடித்தது. எடுத்தது நான். முதலில் ஒரு வீறிட்ட அழுகை, அப்புறம் அக்கா.

"கேக்குதோ தம்பி? பொம்பிளைப் பிள்ளை. தாய் சுகமா இருக்கிறா. கையை இறுக்கிப் பிடிச்சு என்ரை மோதிரத்தையே வளைச்சுப்போட்டா!"

அண்ணையிடம் போனைக் கொடுத்தேன். எனக்குப் பேச வரவில்லை. கதைக்கவும் வரவில்லை.

என் பாஸ்போர்ட் அதற்கும் இரண்டு வாரம் கழித்து வந்தது. அக்கா அதுவரை திரும்பவில்லை. கார்தெரியில் விடுமுறை கேட்டு வாங்கி, "பிள்ளையைத் தகப்பன்ரை கையிலை குடுத்துப்போட்டுத்தான் வருவன்" என்று இருந்துவிட்டார். அண்ணை என்னை பஸ் ஏற்றிவிட்டார். கட்டிப்பிடித்தபோது அந்த மனுஷன் கண்ணும் சிவந்துவிட்டது. எல்லையில் பயணிகள் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அதிகாரி முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டார். என் வாய்க்கு அன்று வேலை இல்லை. "மகள் பிறந்திருக்கிறாள்" என்றேன். "போங்கள், போங்கள்" என்று கையைக் காட்டினார்.

வெர்மான்ட் மலைகளைத் தாண்டி பாஸ்டன் வந்து, டாக்ஸி பிடித்து வீட்டு வாசலில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. படி ஏறும்போதே வறுத்த மிளகும் சீரகமும் மணத்தது. என்னிடம் சாவி இருந்தது, ஆனால் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் வசந்தி அக்கா. என் மனைவியின் நைட்டிக்கு மேல் என் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். தோளில் ஒரு சின்ன மூட்டை சாய்ந்திருந்தது.

"வாங்கோ தம்பி, வாங்கோ" என்று என் வீட்டுக்குள் என்னை வரவேற்றார். நான் அங்கேயே கையை நீட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"குளிருக்கை வந்த கை. முதல் சுடுதண்ணியிலை கழுவிப்போட்டு வாங்கோ. தாறன்."

கழுவிக்கொண்டு ஓடி வந்தேன். அவர் குழந்தையின் தலையை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சரிசெய்தார். பிறகு தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.